உரக்கச் சொன்ன ஓட்டு

வணக்கம் நண்பர்களே. ஒரு தேர்தலில் அமைச்சரே தோற்றுப்போகிறார். எதிராளிக்கு 2,057 ஓட்டு, அமைச்சருக்கு 982. ஆனால் ஜெயித்தவரால் நாடாளுமன்றத்தில் உட்கார முடியாது. மறு ஆண்டு அவருக்குக் கதவு திறக்கிறது. அவரை ஜெயிக்கவைத்த ஏழை விவசாயிகளுக்கோ ஓட்டுரிமையே போய்விடுகிறது. 1828, அயர்லாந்து, க்ளேர் கவுண்டி. கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி.

பின்னணியை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன், கொட்டாவி விடாதீர்கள். 1801 ஜனவரி 1 முதல் அயர்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம் கிடையாது. டப்ளினில் 300 பேர் இருந்த அவைக்குப் பூட்டு. அதற்குப் பதில் லண்டன் நாடாளுமன்றத்தில் 100 இடங்கள். பறிபோன சிறு தொகுதிகளின் 'சொந்தக்காரர்களுக்கு' தொகுதிக்கு 15,000 பவுண்டு நஷ்டஈடு. ஆமாம், சொந்தக்காரர்கள்தான்! தென்னந்தோப்பைப் போலத் தொகுதி கைமாறிய காலம். பெரும்பான்மைக் கத்தோலிக்கர்கள் 1793 முதல் ஓட்டுப் போடலாம். உறுப்பினராக மட்டும் அமர முடியாது. பின்னணி முடிந்தது.

[திரையில்: பழைய குத்தகைப் பத்திரம்]

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கவுண்டித் தொகுதியில் ஓட்டுப் போட, குத்தகை போக நிலத்தில் ஆண்டுக்கு 40 ஷில்லிங், அதாவது 2 பவுண்டு, மிஞ்ச வேண்டும். நிலம் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை, ஆயுள் குத்தகை போதும். யாருடைய ஆயுள்? அங்கேதான் வேடிக்கை. பத்திரத்தில் பெரும்பாலும் மூன்று பேரின் பெயரை எழுதுவார்கள். மூவரில் கடைசி ஆள் கண்ணை மூடும்வரை குத்தகை செல்லும். அதனால் சின்னப் பிள்ளைகளின் பெயராகப் பார்த்துச் சேர்ப்பதுண்டு. அந்தப் பையனுக்குக் காய்ச்சல் வந்தால் பெற்றவளைவிடக் குத்தகைக்காரர்தான் அதிகம் பதறியிருப்பார்!

நிலப்பிரபுக்களுக்கு இதில் என்ன லாபம்? எத்தனை குத்தகைக்காரரோ அத்தனை ஓட்டு. நிலத்தைக் கூறுபோட்டுக் கூறுபோட்டு வாக்காளர்களை விளைவித்தார்கள். ரகசிய வாக்கெடுப்பு வந்தது 1872-இல்தான். அதுவரை எழுத்தர் முன்னால் போய் நின்று, இன்னாருக்கு என் ஓட்டு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் அதைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். பக்கத்திலேயே நிலப்பிரபுவின் ஆள் நிற்பான். உங்களுக்குக் குத்தகை பாக்கி இருக்கிறது. வீடும் அவருடைய நிலத்தில்தான் இருக்கிறது. நீங்களாக இருந்தால் யார் பெயரைச் சொல்வீர்கள்? மனசாட்சியைத் தொட்டுக் கீழே எழுதுங்கள்.

1828-இல் க்ளேரின் எனிஸ் நகர நீதிமன்றத்துக்கு ஓட்டுப் போட வந்த விவசாயிகள் டேனியல் ஓ'கானலின் பெயரைச் சொன்னார்கள். 1824 முதல் மாதம் ஒரு பென்னி சந்தா வாங்கிக் கத்தோலிக்கச் சங்கத்தை வளர்த்த வழக்கறிஞர் அவர். கத்தோலிக்கர் போட்டியிடக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தடை இருந்ததெல்லாம் ஜெயித்தபின் எடுக்கும் உறுதிமொழியில்தான். கத்தோலிக்க நம்பிக்கைகளை மறுத்துச் சொல்ல வேண்டிய உறுதிமொழி அது. வக்கீல் மூளை அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டது. எதிரே அமைச்சர் வெசி ஃபிட்ஸ்ஜெரால்டு. புதிதாக அமைச்சரானவர் தொகுதியில் மறுபடி ஜெயித்து வர வேண்டும் என்பது அன்றைய விதி. பாவம், அவரும் கத்தோலிக்கர் உரிமையை ஆதரித்தவர்தான்! பாதிரியார்கள் முன்னே நடக்க, ஊர் ஊராக விவசாயிகள் வந்தார்கள். ஐந்து நாள் வாக்குப்பதிவு. தேர்தல் முடியும்வரை விஸ்கியைத் தொடுவதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வேறு. தேர்தல் நேரத்தில், அதுவும் அயர்லாந்தில்! ஓட்டு எண்ணிக்கையைவிட எனக்கு இதுதான் பெரிய சாதனையாகத் தெரிகிறது.

லண்டன் அரண்டுபோனது. பிரதமர் வெலிங்டனும் உள்துறை அமைச்சர் பீலும் இறங்கிவந்தார்கள். கொள்கையை மாற்றிக்கொண்ட பீல், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத் தொகுதியில் ராஜினாமா செய்து, மறுபடி நின்று தோற்று, வெஸ்ட்பரி என்ற குட்டித் தொகுதி வழியாக உள்ளே வந்தது தனிக் கூத்து. 1829 ஏப்ரல் 13-இல் கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் அமர அனுமதிக்கும் சட்டம் வந்தது. கூடவே இன்னொரு சட்டமும் வந்தது: அயர்லாந்துக் கவுண்டிகளில் ஓட்டுரிமைக்கு இனி 40 ஷில்லிங் போதாது, 10 பவுண்டு வேண்டும். சுமார் 2,16,000 வாக்காளர்கள் ஏறக்குறைய 37,000 ஆகச் சுருங்கினார்கள். நிலப்பிரபு சொன்னபடி ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்த வரையில் யாருக்கும் உறுத்தாத அந்த 40 ஷில்லிங், எதிர்த்துப் போட்டதும் உறுத்திவிட்டது. ஓ'கானலும் 1825-இல் ஒரு பேரத்தில் இதற்குத் தலையாட்டியவர்தான். அவருடைய ரசிகர்கள் என்னைத் திட்ட வேண்டாம்.

மே 15 அன்று ஓ'கானல் அவைக்குப் போனார். அவர் ஜெயித்தது புதிய சட்டத்துக்கு முன்னால் என்பதால் பழைய உறுதிமொழியை நீட்டினார்கள். அதில் ஒன்று பொய் என்று தெரியும், இன்னொன்று உண்மையென்று நம்பவில்லை என்று மறுத்துவிட்டார். மறுபடியும் க்ளேர், மறுபடியும் தேர்தல்.

[திரையில்: 1829 ஜூலை 30]

இந்த முறை அவரை எதிர்த்து ஒருவரும் நிற்கவில்லை. எழுத்தருக்கும் பதிவேட்டுக்கும் வேலையில்லை. யாரும் எதையும் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.