யாருடைய டப்பா இது?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். பண்டிகைக் காலத்தில் வீட்டிலேயே குக்கீ செய்து உறவுக்கும் நட்புக்கும் கொடுப்பதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். பல காலமாக நான் விடாமல் செய்துவரும் வேலை இது, மனதுக்கு மிகவும் நெருக்கமானது. காகிதம், பேனா தேட வேண்டாம். அளவும் செய்முறையும் சொல்லப்போவதில்லை, அவை எங்கும் கிடைக்கின்றன. கையில் இருக்கும் வேலையைச் செய்துகொண்டே கேளுங்கள். மாவு பிசைவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, ஓவனிலிருந்து தட்டை எடுத்த பிறகு ஒரு வேலை இருக்கிறது. அந்த இரண்டையும் பற்றித்தான் இன்றைய பேச்சு.

பண்டிகை நெருங்கினால் முதலில் என்ன கேட்டுக்கொள்கிறோம்? "இந்தத் தடவை என்ன செய்யலாம்?" நான் சொல்வது, முதல் கேள்வி "யாருக்கு?" என்று இருக்கட்டும். ஒரு தாளில் பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இரண்டு விவரம் போதும். டப்பா அவர் கைக்கு எப்படிப் போகிறது? போன பிறகு எத்தனை நாள் இருக்கும்? பக்கத்து வீட்டுக்கு மாலையில் போய், ஆறு பேர் சேர்ந்து இரவுக்குள் காலி செய்துவிடும் டப்பா ஒரு விதம். தபாலில் பத்து நாள் பயணம் போய், தனியாக இருக்கும் ஒருவர் தினம் ஒன்றாக எடுத்துச் சாப்பிடும் டப்பா இன்னொரு விதம். இரண்டிலும் ஒரே குக்கீயைப் போட்டால் ஒருவருக்கு நல்லது போகும், இன்னொருவருக்குத் தூள் போகும்.

ஜாம் நடுவில் வைத்த குக்கீ அழகாக இருக்கும். ஆனால் ஜாமில் இருக்கும் ஈரம் இரண்டு மூன்று நாளில் சுற்றியுள்ள மாவை இளக்கிவிடும். அதைக் கையோடு கொண்டுபோய்க் கொடுக்கும் வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிரீம், சீஸ் வைத்தவை ஃப்ரிட்ஜை விட்டு வெளியே வரக் கூடாதவை, அவற்றை அனுப்பவே வேண்டாம். தூரம் போகிறதென்றால் எனக்கு முதலில் தோன்றுவது ஸ்காட்லாந்துக்காரர்களின் ஷார்ட்பிரெட். சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு பங்கு, மாவு மூன்று பங்கு. (அளவு சொல்லமாட்டேன் என்றேன், இது ஒன்று, இரண்டு, மூன்று என்பதால் நினைவில் தானாகவே நிற்கும்.) அதில் முட்டை கிடையாது, பால் கிடையாது, தண்ணீரும் கிடையாது. ஈரம் குறைவாக இருப்பதால் காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம் அப்படியே இருக்கும்.

வைத்திருந்தால் கெடாமல் இருப்பது ஒரு சங்கதி. வைத்திருக்க வைத்திருக்க ருசி கூடுவது இன்னொரு சங்கதி. அப்படியும் குக்கீ உண்டு. ஜெர்மனியில் தேனும் பட்டை, கிராம்பு போன்ற வாசனைப் பொருள்களும் சேர்த்துச் செய்யும் லேப்கூகன் அந்த வகை. நியூரம்பர்க் நகரம் அதற்குப் பேர்போனது. 1996 முதல் அந்தப் பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பே இருக்கிறது. வீட்டில் செய்யும் தேன் லேப்கூகன் ஓவனிலிருந்து எடுத்து ஆறியதும் கெட்டியாக இருக்கும். அதை டப்பாவில் போட்டு, கூடவே ஒரு துண்டு ஆப்பிளை வைத்து மூடிவிடுவார்கள். தேனுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. ஆப்பிளிலிருந்து மெல்ல மெல்ல ஈரத்தை வாங்கிக்கொண்டு குக்கீ மிருதுவாகும். அதற்குள் வாசனைப் பொருள்களும் மாவோடு கலந்து ஒன்றாகிவிடும். ஆப்பிள் துண்டில் பூஞ்சை பிடிக்காமல் அவ்வப்போது மாற்ற வேண்டும். கிறிஸ்துமஸுக்குச் சில வாரங்கள் முன்பே சுட்டுவைப்பது அவசரத்தால் வந்த பழக்கம் அல்ல, அந்தக் குக்கீக்கு அந்த நாள்கள் தேவை.

இந்த இடத்தில் எனக்கு மிகப் பிடித்த பழைய குறிப்பு ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 1796இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் அமெலியா சிம்மன்ஸ் என்ற பெண்மணியின் சமையல் நூல் அச்சாகி வந்தது. அமெரிக்கர் ஒருவரே எழுதி, அமெரிக்காவிலேயே அச்சான முதல் சமையல் நூல் என்று அதைச் சொல்வார்கள். அதில் கிறிஸ்துமஸ் குக்கீக்கு ஒரு செய்முறை இருக்கிறது. மூன்று பவுண்டு மாவு, ஒரு பவுண்டு வெண்ணெய், ஒன்றரை பவுண்டு சர்க்கரை. வாசனைக்கு என்ன சேர்க்கச் சொல்கிறார் தெரியுமா? கொத்தமல்லி விதை! நம் அடுக்களையில் குழம்புக்கு இருக்கும் அதே தனியாவை நைசாகப் பொடித்து ஒரு டீ கப் அளவு. செய்து பாருங்கள். தனியாவுக்குள் ஆரஞ்சுத் தோல் போல ஒரு மணம் ஒளிந்திருக்கிறது, வெண்ணெயும் சர்க்கரையும் சேரும்போது அது வெளியே வரும். பேக்கிங் பவுடர் அப்போது கிடையாது. மரச்சாம்பலிலிருந்து எடுத்த உப்பைப் பாலில் கரைத்து ஊற்றினார்கள், மாவு உப்புவதற்கு.

நான் இவ்வளவு சொல்வது தனியாவுக்காக மட்டும் இல்லை. செய்முறையின் கடைசியில் அந்த அம்மா ஒன்று எழுதுகிறார். முதலில் கெட்டியாகவும் வறண்டும் இருந்தாலும், மண்பாண்டத்தில் போட்டு ஈரமற்ற நிலவறையிலோ, ஈரப்பதமுள்ள அறையிலோ வைத்தால், ஆறு மாதம் கழித்து இன்னும் மிருதுவாகவும் இன்னும் நன்றாகவும் இருக்கும் என்கிறார். ஆறு மாதம்! நாம் அப்படி வைக்க வேண்டாம். ஆனால் இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவர், அடுப்பிலிருந்து எடுத்ததோடு வேலை முடிந்ததாக நினைக்காமல், எதில் வைப்பது, எங்கே வைப்பது, எப்போது சாப்பிடுவது என்பதையெல்லாம் செய்முறைக்குள்ளேயே எழுதியிருக்கிறார். எனக்கு அவர்மேல் அவ்வளவு மரியாதை.

சரி, டப்பாவுக்கு வருவோம். வீட்டு குக்கீக்குப் பெரிய எதிரி நமுத்துப்போவதுதான். அதற்குப் பெரும்பாலும் காரணம், மொறுமொறுப்பானதையும் மெத்தென்றதையும் ஒரே டப்பாவில் போடுவது. பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று ஐந்து வகையைச் சேர்த்து அடுக்குகிறோம். மூடி போட்டதும் உள்ளே என்ன நடக்கிறது? மெத்தென்ற குக்கீயில் ஈரம் அதிகம், மொறுமொறுப்பானதில் குறைவு. அதிகம் உள்ள இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு ஈரம் நகர்ந்துகொண்டே இருக்கும். இரண்டு நாள் கழித்துத் திறந்தால் மொறுமொறுப்பு நமுத்துப் போயிருக்கும், மெத்தென்றது வறண்டிருக்கும். இரண்டுமே போச்சு. அதனால் திரும்பவும் சொல்கிறேன்: மொறுமொறுப்புக்குத் தனி டப்பா, மெத்தென்றதற்குத் தனி டப்பா. வாசனைக்கும் இதே விதிதான். பெப்பர்மின்ட் போட்ட ஒரே ஒரு குக்கீ பக்கத்தில் இருந்தால் போதும், வெண்ணெய் குக்கீ முழுக்கப் பெப்பர்மின்ட் மணக்கும். வெண்ணெய் எந்த வாசனையையும் பிடித்துக்கொள்ளும்.

சூடாக இருக்கும்போது மூடவே கூடாது. கையில் எடுத்தால் வெதுவெதுப்புகூடத் தெரியக் கூடாது, அப்போதுதான் மூடலாம். நமுத்துப்போன மொறுமொறுப்பு குக்கீயை 150 டிகிரி செல்சியஸில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்து ஆறவிட்டால் பெரும்பாலும் பழைய பதத்துக்கு வந்துவிடும். மெத்தென்றது வறண்டுபோனால் டப்பாவில் ஒரு துண்டு பிரெட் வைத்து மூடுங்கள், பிரெட் காயும், குக்கீ இளகும். இந்த இரண்டையும் டப்பாவோடு ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் வாங்குகிறவருக்கு உபயோகமாக இருக்கும்.

சீட்டு என்றதும் என் பெரியம்மா நினைவு வருகிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் குடும்பத்துக்கு நெருக்கமான ஒரு வீட்டில் சின்னப் பையன் ஒருவன் இருந்தான். பாதாம், முந்திரி, வேர்க்கடலை, எதுவும் அவனுக்கு ஆகாது. சிறு துணுக்கு வாய்க்குள் போனாலும் உதடு வீங்கி மூச்சுத் திணறும். பண்டிகைக்கு எல்லோரும் கூடும்போது தட்டுகள் கைமாறிக்கொண்டே வரும், அவன் மட்டும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, அவனாகப் பழகிக்கொண்டது. அவன் அம்மா பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்துக் கொடுப்பார். அதை ஓரமாக உட்கார்ந்து சாப்பிடுவான். பெரியம்மா இதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

அடுத்த பண்டிகைக்கு முன்னால் அவன் அம்மாவுக்கு ஃபோன் போட்டார். "மாவு பாக்கெட்டுல என்ன எழுதியிருக்குன்னு படிக்கிறேன், கேட்டுக்கம்மா" என்று ஒவ்வொரு பாக்கெட்டாகப் படித்தார். சாக்லேட் பாக்கெட் வந்ததும், "நட்ஸ் கையாளுற இடத்துல தயாரிச்சதுன்னு போட்டிருக்கே, பரவாயில்லையா?" என்றார். "வேண்டாம் பெரியம்மா" என்றார் அவர். அந்தச் சாக்லேட்டை ஒதுக்கிவிட்டு வேறு வாங்கினார் பெரியம்மா. பையனுடைய குக்கீதான் அந்த வருஷம் முதலில் சுட்டது. தேய்த்துக் கழுவிய தட்டு, புது பட்டர் பேப்பர், புதிதாகப் பிரித்த மாவு, புது வெண்ணெய். பாதாம், முந்திரி டப்பாக்கள் அதுவரை அலமாரியை விட்டு இறங்கவில்லை. சுட்டு, ஆறவைத்து, தனி டப்பாவில் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டினார். மேலே அவன் பெயர். உள்ளே ஒரு சீட்டு, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று ஒன்று விடாமல்.

பண்டிகையன்று டப்பாவை அவனிடமே கொடுத்தார். "இது உனக்குத்தான்டா கண்ணு. அம்மாகிட்ட கேட்டுட்டுதான் செஞ்சேன்." அவன் அம்மாவைப் பார்த்தான், அம்மா தலையாட்டினார். ஒன்று எடுத்துச் சாப்பிட்டான். தனக்கென்று நாலைந்தை எடுத்து அம்மாவிடம் கொடுத்து வைத்தான். பிறகு அவன் செய்ததுதான் எனக்கு இன்றும் மறக்கவில்லை. டப்பாவைத் தூக்கிக்கொண்டு கூடத்தில் ஒவ்வொருவரிடமாகப் போய், "எடுத்துக்கங்க, எடுத்துக்கங்க" என்று நீட்டினான். பெரியம்மாவிடமும் வந்து, "பாட்டி, நீங்களும் எடுத்துக்கங்க" என்றான். அதுவரை எல்லாப் பண்டிகையிலும் அவன் வேண்டாம் என்று சொல்கிறவனாகவே இருந்தான். அன்றைக்குக் கொடுக்கிறவனாக இருந்தான்.

கடையில் விற்கும் பொருளுக்குச் சட்டம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒவ்வாமை தரும் 14 பொருள்களைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். அமெரிக்காவில் 9 முக்கியப் பொருள்கள், அவற்றில் எள் 2023 ஜனவரி 1 முதல் சேர்ந்தது. நம் வீட்டு டப்பாவுக்கு எந்தச் சட்டமும் கிடையாது. அந்தச் சீட்டை நாமேதான் எழுத வேண்டும். பால், முட்டை, கோதுமை, வேர்க்கடலை, பாதாம், முந்திரி போன்ற பருப்பு வகைகள், எள், சோயா, எது இருந்தாலும் எழுதிவிடுங்கள். செய்த தேதியையும் எழுதுங்கள். நான் முன்பு சொன்ன லேப்கூகனில் உயர்ந்த ரகத்துக்கு எலிசன் என்று பெயர், அதில் குறைந்தது கால் பங்கு பாதாம், ஹேசல்நட், வால்நட் போன்ற பருப்புகள் இருக்க வேண்டும் என்பது விதி. பார்த்தால் சாதாரண மசாலா பிஸ்கட் மாதிரிதான் தெரியும். சீட்டு இல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறதாம். நண்பர்கள் சேர்ந்து குக்கீயை மாற்றிக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். ஆறு பேர் சேருங்கள். ஆளுக்கு ஒரே வகை, 72 குக்கீ செய்துகொண்டு வாருங்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகையிலும் 12 எடுத்துக்கொண்டால், போகும்போதும் கையில் 72 இருக்கும், ஆனால் ஆறு வகை. யார் எந்த வகை என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

தபாலில் அனுப்புகிறவர்களுக்கு ஒன்று. இரண்டிரண்டாக முதுகோடு முதுகு சேர்த்துச் சுற்றுங்கள். இடைவெளியில் கசக்கிய காகிதத்தைத் திணியுங்கள். மூடிய பெட்டியைக் காதருகே குலுக்கினால் சத்தம் வரக் கூடாது. கை, கால், வால் என்று மெல்லியதாக நீட்டிக்கொண்டிருக்கும் வடிவங்கள் வேண்டாம், அவை போய்ச் சேராது.

குழந்தைகளோடு சேர்ந்து செய்யும்போது பச்சை மாவை நக்கவிடாதீர்கள். முட்டை சேர்க்காவிட்டாலும் வேகாத மாவிலேயே கிருமி இருக்கலாம். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் சேர்த்தது எதுவும் கூடாது. நாய் வளர்க்கும் வீட்டுக்குக் கொடுத்தால், சாக்லேட்டும் உலர் திராட்சையும் நாய்க்கு விஷம், மேலே வையுங்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சர்க்கரை நோய் இருப்பவர் என்றால் அவரை விட்டுவிடாதீர்கள், எவ்வளவு ஆகும் என்று அவரிடமே கேட்டுச் சின்னதாகச் செய்யுங்கள். பல் சரியில்லாத பெரியவர்களுக்கு மெத்தென்றது.

கடைசியாக ஒன்று, முடித்துவிடுகிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. மாவை உருட்டி ஃப்ரீசரில் போட்டால் மூன்று மாதம் வரை தாங்கும், வேண்டியபோது எடுத்துச் சுடலாம். பொட்டலத்தின் மேல் பெயரும் தேதியும் எழுதிவையுங்கள். நன்றி, வணக்கம்.