படகுக்கு வழிவிட்ட பாலங்கள்

நேயர்களுக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாலம் கட்டும் வேலையில் இருந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் ஒரு புது ஊருக்குப் போனால், இங்கே ஆறு எங்கே ஓடுகிறது, அதை எப்படிக் கடக்கிறார்கள் என்றுதான் முதலில் விசாரிப்பேன். சீனாவில் ஷாங்காய் நகரில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோதும் அதையேதான் கேட்டேன். "ஒரு நாள் போதும், காலையில் போய் மாலையில் வந்துவிடலாம்" என்று மகள் அனுப்பிவைத்த ஊர்தான் ஜூஜியாஜியாவ்.

ஜூஜியாஜியாவ். இரண்டு தடவை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், வாய்க்குப் பழகிவிடும். ஜூ குடும்பத்தாரின் மூலை என்று பொருள். ஷாங்காயின் நடுப்பகுதியிலிருந்து மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர், தியான்ஷான் ஏரிக்குப் பக்கத்தில். முன்பெல்லாம் பேருந்தில்தான் போக வேண்டும். 2017 டிசம்பர் 30ஆம் தேதி 17ஆம் எண் மெட்ரோ ஓடத் தொடங்கியது. இப்போது ஹோங்சியாவ் ரயில் நிலையத்தில் அந்த வண்டியைப் பிடித்தால் ஊருக்கே கொண்டுபோய் விடுகிறது. இறங்கிக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும், அவ்வளவுதான். ஊருக்குள் போக நுழைவுச்சீட்டு கிடையாது. தோட்டம், கோயில் போன்ற சில இடங்களுக்கு மட்டும் தனித்தனியாகக் கட்டணம் வாங்குகிறார்கள்.

சரி, அந்த ஊரைப் புரிந்துகொள்ள ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். அங்கே தெரு என்பது தண்ணீர். யாங்சி ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் நிலம் அது. தட்டையான, ஈரமான மண். வண்டிப் பாதை போடுவதைவிட வாய்க்கால் வெட்டுவது சுலபம். அரிசியும் துணியும் படகில் வந்தன, படகில் போயின. மிங் அரசர்கள் காலத்திலேயே பெரிய சந்தையாக இருந்த ஊர். கடைக்காரர், மளிகைக்காரர், கல்யாண ஊர்வலம் எல்லோருக்கும் அதே தண்ணீர்தான் வழி.

அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு வாசல். ஒரு பக்கம் கல் பாவிய குறுகலான தெரு. மறுபக்கம் வாய்க்கால். வாய்க்கால் பக்கத்துக் கதவைத் திறந்தால் நேரே படித்துறை! நம் ஆற்றங்கரைகளில் ஊருக்கெல்லாம் பொதுவாக இருக்குமே, அந்தப் படித்துறையை வீட்டுக்கு ஒன்றாக வைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் போன காலையில் ஒரு அம்மா கடைசிப் படியில் குந்தி உட்கார்ந்து கீரை அலசிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் கரைச்சுவரில் ஒரு கல் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நடுவில் துளை. படகுக் கயிற்றைக் கட்டுவதற்கு. எட்டிப் பிடித்து அந்தத் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். உள்விளிம்பு அம்மிக்கல்லைப் போல வழவழப்பாக இருந்தது. எத்தனை தலைமுறைக் கயிறு இழுத்திருந்தால் கருங்கல் இப்படித் தேயும்!

இனி பாலங்களுக்கு வருகிறேன். இதற்காகத்தான் போனேன். இந்தச் சின்ன ஊரில் முப்பதுக்கு மேற்பட்ட கல் பாலங்கள் உண்டு என்கிறார்கள். பெரும்பாலானவை முதுகை வளைத்துக்கொண்டு உயர்ந்து நிற்கின்றன. ஏறுவதற்குப் படிகள். சக்கரம் வைத்த எதையும் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். வண்டி ஓட்டுவதற்காகவே பாலம் கட்டிப் பழகிய எனக்கு முதலில் இது புதிராக இருந்தது. அப்புறம் கீழே ஒரு படகு தலை இடிக்காமல் நழுவிப் போனதைப் பார்த்தபோது விளங்கிவிட்டது. அங்கே வழி படகுக்கு. படகு நிற்காமல் போக வேண்டும், நடக்கிறவர் ஏறி இறங்கிக்கொள்ளட்டும். ஊரில் யார் முக்கியம் என்பதைப் பாலத்தின் உயரத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இவற்றில் பெரியது ஃபாங்ஷெங் பாலம். 1571இல் ஷிங்சாவ் என்ற பௌத்தத் துறவி நன்கொடை திரட்டிக் கட்டியது. 1812இல் திரும்பக் கட்டினார்கள். ஐந்து வளைவுகள், 70 மீட்டர் நீளம். வளைவு எப்படி நிற்கிறது என்பதற்குப் படம் வேண்டாம். உள்ளங்கைகள் இரண்டையும் கூரை மாதிரி சாய்த்து, விரல் நுனிகளை ஒன்றோடு ஒன்று அழுத்துங்கள். கையில் ஒரு தள்ளல் தெரிகிறதா? ஒன்று மற்றதைத் தள்ளுவதால்தான் இரண்டும் விழாமல் நிற்கின்றன. அங்கே ஐந்து வளைவுகளும் அடுத்ததன்மேல் சாய்ந்து, தோளோடு தோள் கொடுத்து நிற்கின்றன. கால்கள் மெல்லியவை. மண் இளகியது என்பதால் கனமாகக் கட்டினால் அமுங்கிவிடும். இலேசாகக் கட்ட வேண்டும், ஆனால் இருநூறு வருஷத்துக்கு மேல் நிற்கவும் வேண்டும். என் வேலைக் காலம் முழுக்க எத்தனையோ கணக்குகள் போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கொத்தர்களை நினைத்து உண்மையாகவே கை கூப்பினேன். கல் இடுக்குகளில் மாதுளைச் செடிகள் முளைத்து, பாலமே பச்சை பிடித்து நிற்கிறது.

ஃபாங்ஷெங் என்றால் உயிரை விடுவித்தல். பாலத்தடியில் மீன் பிடிக்கக் கூடாது, மீனை விட மட்டும் செய்யலாம் என்று அந்தத் துறவி வகுத்துவைத்தாராம். இன்றும் பாலத்தின் அடியில் பிளாஸ்டிக் பைகளில் தண்ணீர் நிரப்பிச் சிறு மீன்களை விற்கிறார்கள். ஒரு பாட்டியும் ஐந்தாறு வயதுப் பேரனும் ஒரு பை வாங்கினார்கள். பையன் பையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, மீன் திரும்பும்போதெல்லாம் தானும் தலையைத் திருப்பினான். கரையின் கடைசிப் படிக்கு இறங்கியதும் விட மனம் வரவில்லை. பாட்டி அவசரப்படுத்தவில்லை. அவன் தோளில் கை வைத்தபடி காத்திருந்தார். கடைசியில் பையின் வாயைத் தண்ணீரோடு சேர்த்துவைத்து அவனே சாய்த்தான். மீன் உடனே ஓடிவிடவில்லை, பையின் வாயிலேயே ஒரு கணம் நின்றது. அப்புறம் போயிற்று. பையன் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், நானும்தான். அன்றைய நாளில் அரை மணி நேரம் எனக்கு அந்தப் படியிலேயே கழிந்தது.

பாலத்தை விட்டு இறங்கினால் வடக்குப் பெருந்தெரு. பெருந்தெரு என்று பெயரே தவிர, எதிரெதிர் வீட்டுக் கூரைகள் தொட்டுக்கொள்ளும் போல இருக்கும். கடை வாசல்களில் வயதான பெண்கள் உட்கார்ந்து சோங்ஸி கட்டுகிறார்கள். நீண்ட இலையைக் கூம்பாகச் சுருட்டி, ஊறவைத்த பசை அரிசி, நடுவே ஒரு துண்டு பன்றி இறைச்சி, மேலே மறுபடி அரிசி, மடித்து நூலால் இறுக்கிக் கட்டி வேகவைப்பார்கள். பேச்சு வாசலில் போகிறவர்களோடு, கை மட்டும் தன்பாட்டில் கட்டிக்கொண்டே இருக்கும். ஆவி பறக்க ஒன்றை வாங்கி இலையைப் பிரித்தால் நம் வீட்டுக் கொழுக்கட்டை வாசனை கொஞ்சம் வரும். இறைச்சி சாப்பிடாதவர்கள் வாட்டிய பச்சைச் சோயா வாங்கிக் கொறிக்கலாம், அதற்கும் பேர்போன ஊர்.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். கெஜி தோட்டத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வைத்திருந்தேன். 1912இல் மா வென்சிங் என்பவர் கட்டத் தொடங்கியது, படிப்பும் பயிரும் இரண்டும் வேண்டும் என்று பெயரிலேயே வைத்தார். படகில் கடிதம் வந்த காலத்து அஞ்சல் நிலையமும் இருக்கிறது. இரண்டையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். வார நாளில் போங்கள், காலை ஒன்பதுக்குள் போங்கள். படகில் ஒரு முறை ஏறுங்கள், பாலங்களைக் கீழேயிருந்து பார்க்க வேண்டும். திரும்பும் முன், கூட்டம் கலைந்த மாலையில் ஏதாவது ஒரு படித்துறைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். நான் கிளம்பும்போது, காலையில் கீரை அலசிய படியில் வேறொருவர் துடைப்பத்தைக் கழுவி உதறிக்கொண்டிருந்தார். வணக்கம்.