மாத்திரைக்குப் பத்தியமா, பத்தியத்துக்கு மாத்திரையா?

(பட்டிமன்றத் தலைப்பு: உடல் எடையைக் குறைக்க விற்கப்படும் மாத்திரைகள் பயன் தருகின்றனவா, ஏமாற்றுகின்றனவா? ‘ஏமாற்றுகின்றன’ என்ற அணியின் உரை)

நடுவர் அவர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

எனக்கு முன்பு பேசிய எதிரணிச் சகோதரி நிறையக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போய் அமர்ந்திருக்கிறார். அந்தக் கைதட்டலில் என்னுடையதும் சேர்த்தி. உடல் பருமன் சோம்பேறித்தனத்தின் அடையாளம் அல்ல, மரபணுவும் வாழும் சூழலும் சேர்ந்து உண்டாக்கும் நோய் அது, நோய்க்கு மருந்து சாப்பிடுவதில் என்ன வெட்கம் என்று கேட்டார். ஒரு வெட்கமும் இல்லை. அதுவரை நான் அவருடைய கட்சிதான். அடுத்த மூச்சிலேயே ‘ஆகவே மாத்திரை சாப்பிடுங்கள்’ என்றாரே, அந்த இடத்தில்தான் நான் வண்டியை விட்டு இறங்கிக்கொள்கிறேன்.

இதோ, கையில் ஒரு டப்பாவைக் கொண்டுவந்திருக்கிறேன். ஆறு வருடங்களுக்கு முன்பு என் சொந்தக் காசில் வாங்கியது. அது வேலை செய்ததா என்று யாரும் என்னைக் கேட்க வேண்டியதில்லை. மேடையில் நான் நிற்பதைப் பார்த்தாலே தெரியும். நடுவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். நான் சொல்ல வந்தது டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் தாளைப் பற்றி. முன்பக்கம் ஒரு பச்சை இலை, ஒரு மெல்லிய இடுப்பு, அதைச் சுற்றி அளவு நாடா, ‘30 நாளில் மாற்றம்’ என்று கொட்டை எழுத்து. திருப்பினால், எறும்பின் கால் அளவு எழுத்தில் இன்னொரு வரி: ‘குறைந்த கலோரி உணவுடனும் தினசரி உடற்பயிற்சியுடனும் சேர்த்து உட்கொள்ளவும். பலன் ஆளுக்கு ஆள் மாறுபடும்.’

நம் வீடுகளில் மருந்து கொடுத்தால் பத்தியம் சொல்வார்கள். மருந்து வேலை செய்யப் பத்தியம் துணை. இங்கே கதை தலைகீழ். எடையைக் குறைப்பது பத்தியம். பெயர் வாங்குவது மாத்திரை. மாத்திரைக்குப் பத்தியமா, பத்தியத்துக்கு மாத்திரையா என்று அந்த எறும்புக் கால் எழுத்தைப் படித்த அன்றே நான் கேட்டிருக்க வேண்டும்.

கேட்கவில்லை. விழுங்கினேன். முதல் வாரம் இரவு இரண்டு மணிக்கும் கண் கொட்டாமல் படுத்திருந்தேன். நெஞ்சு மத்தளம் கொட்டியது. பிறகு பார்த்தால், உள்ளடக்கத்தில் பாதிக்கு மேல் காஃபின். ஆனால் பத்தாவது நாள் எடைக் கருவியில் ஏறியபோது முள் இரண்டு கிலோ கீழே நின்றது. எனக்கு வந்த மகிழ்ச்சியை என்ன சொல்ல! தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் அந்த மாத்திரையின் பெயரைச் சொன்னேன். இன்று எதிரணியினர் பேசுவதைவிட நன்றாகவே அன்று பேசியிருப்பேன்.

அந்த இரண்டு கிலோ எங்கே போனது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஈரலும் தசையும் கிளைகோஜன் என்ற வடிவில் சர்க்கரையைச் சேமித்து வைத்திருக்கின்றன. அந்தச் சர்க்கரை ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. உணவைக் குறைத்தால் உடல் முதலில் கை வைப்பது இந்தச் சேமிப்பில்தான். சர்க்கரை போகிறது, அது பிடித்திருந்த தண்ணீரும் கூடப் போகிறது, முள் மளமளவென்று இறங்குகிறது. கொழுப்பு இருந்த இடத்தில் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கிறது. மாத்திரை வாங்கிய உற்சாகத்தில் நான் இரவு நேரத் தீனியை நிறுத்தியிருந்தேன். வேலை செய்தது அது. நன்றி சொன்னது டப்பாவுக்கு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

‘உன் ஒருவன் கதையை வைத்துத் தீர்ப்பா?’ என்று எதிரணித் தலைவர் குறிப்பெடுப்பது தெரிகிறது. நியாயம். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் ஓர் ஆய்வு வெளியானது. எடைக் குறைப்பு மாத்திரைகளில் அதிகம் அடிபடும் குடம்புளிச் சத்தைச் சோதித்தார்கள். 135 பேர், 12 வாரம். எல்லோருக்கும் ஒரே மாதிரி கலோரி குறைந்த, நார்ச்சத்து மிகுந்த உணவு. ஒரு பாதிப் பேருக்குக் குடம்புளிச் சத்து, மறு பாதிக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது. முடிவில் குடம்புளிக்காரர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்திருந்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்கள் எவ்வளவு தெரியுமா? 4.1 கிலோ! அந்த வேறுபாடு தற்செயலாக வரக்கூடிய அளவுதான், அதைப் பெரிதுபடுத்த மாட்டேன். ஆனால் அந்த 135 பேரில் யாரைக் கேட்டிருந்தாலும் ‘மாத்திரை நன்றாக வேலை செய்கிறது’ என்றுதான் சொல்லியிருப்பார், ஒன்றுமே இல்லாததை விழுங்கியவர் உட்பட.

சரி, வேலை செய்யாவிட்டால் காசு போனது, அவ்வளவுதானே, இயற்கைப் பொருள் உடம்பை என்ன செய்துவிடும் என்றார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். ஐயா, இலைப் படம் போட்ட டப்பாவுக்குள் இலைதான் இருக்கிறது என்று உங்களுக்கு யார் சொன்னது? 2007 முதல் 2016 வரை அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் கலப்படம் என்று கண்டறிந்த துணை உணவுப் பொருள்கள் 776. அவற்றில் பத்துக்கு நான்கு எடைக் குறைப்புச் சரக்குகள். உள்ளே தாளில் குறிப்பிடாமல் கலந்திருந்த மருந்துகளில் முதல் இடம் சிபுட்ராமினுக்கு. அது என்ன என்று கேட்கிறீர்களா? பசியை அடக்கும் மருந்து. மாரடைப்பு, பக்கவாத அபாயத்தை அதிகரிக்கிறது என்று தெரிந்து 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையை விட்டே விலக்கப்பட்டது. முன்வாசல் வழியாகத் துரத்தியதைக் கொல்லைப்புறமாக ‘மூலிகை’ என்ற பெயரில் கூட்டிவந்திருக்கிறார்கள். இன்னும் கேளுங்கள்: ஒன்றும் கலக்காத பச்சைத் தேயிலைச் சத்துக்கூட, செறிவூட்டி மாத்திரையாக்கினால், சிலருக்கு ஈரலைக் கெடுத்திருக்கிறது. குவளையில் குடிக்கும்போது சாதுவாக இருப்பது மாத்திரைக்குள் போனதும் வேறு ஆளாகிவிடுகிறது.

இங்கே எதிரணியினர், ‘போலிகளைக் காட்டி அசலைத் தாக்குகிறீர்கள்’ என்பார்கள். அசலுக்கே வருகிறேன். அசலின் வரலாறு இன்னும் மோசம்.

முதல் உலகப் போர்க் காலம். பிரான்சின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் டைநைட்ரோஃபீனால் என்ற மஞ்சள் பொருளைக் கையாண்ட தொழிலாளர்களுக்கு வியர்த்துக் கொட்டியது, காய்ச்சல் கண்டது, உடம்பு மெலிந்தது. சிலர் இறந்தும் போனார்கள். இத்தனையிலும் ‘மெலிந்தது’ என்ற ஒரு சொல் மட்டும் சிலர் காதில் தேனாக விழுந்தது. 1933இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அதை மனிதர்களுக்குக் கொடுத்து, எடை குறைவதை அறிவித்தார்கள். உண்மையாகவே குறைந்தது, நடுவர் அவர்களே! எதிரணியினர் தேடும் ‘வேலை செய்யும் மாத்திரை’ இதுதான். நம் உயிரணுக்கள் உணவை எரித்து, அந்த ஆற்றலைப் பிடித்து வைத்து வேலைக்குக் கொடுக்கின்றன. இந்தப் பொருள் பிடித்து வைக்கும் பாத்திரத்தில் ஓட்டை போட்டுவிடுகிறது. அடுப்பு எரிகிறது, உலை கொதிக்கவில்லை, சூடு மட்டும் வீணாகிறது. அந்தச் சூடு எங்கே போகும்? உடம்புக்குள்தான். அளவு கொஞ்சம் மிஞ்சினால் ஆள் உள்ளேயே வெந்துபோவார். முறிக்க மாற்று மருந்து கிடையாது. இளம் பெண்களுக்குக் கண்புரை வந்தது. 1938இல் அமெரிக்காவில் புதிய உணவு, மருந்துச் சட்டம் வந்த பிறகுதான் அதன் கதை முடிந்தது. முடிந்ததா? இணையத்தில் வாங்கி விழுங்கிச் செத்துப்போகிறவர்கள் இருந்துகொண்டே இருந்ததால், பிரிட்டன் 2023இல் அதைக் கட்டுப்படுத்தப்பட்ட நஞ்சுகளின் பட்டியலில் சேர்க்க வேண்டியிருந்தது. தொண்ணூறு ஆண்டு!

அதற்குப் பின் வந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னால் நடுவர் மணியை உடைத்துவிடுவார். இரண்டை மட்டும் சொல்கிறேன். ஃபென்ஃபுளூரமின், ஃபென்டெர்மின் என்ற இரண்டு பசியடக்கி மருந்துகள் சேர்ந்த ‘ஃபென்-ஃபென்’. தெருவோரத்துச் சரக்கல்ல, டாக்டர்கள் சீட்டு எழுதிக் கொடுத்தது. 1997இல் அதை உட்கொண்ட 24 பெண்களின் இதய வால்வுகள் பழுதானதை அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை மருத்துவர்கள் வெளியிட்டார்கள். அந்த ஆண்டு செப்டம்பரிலேயே ஃபென்ஃபுளூரமின் சந்தையிலிருந்து வெளியேறியது. அடுத்தது ரிமோனபான்ட். 2006இல் ஐரோப்பா அனுமதித்தது. மூளையில் சாப்பாட்டு ஆசையைத் தூண்டும் ஒரு கதவை அது அடைத்தது. அந்த ஆசை மட்டுமா அந்த வழியாக வந்துபோகிறது? மனத்தின் மகிழ்ச்சிக்கும் அதே கதவுதான். சாப்பிட்டவர்களில் சிலருக்கு மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வந்தன. 2008இல் நிறுத்திவைத்தார்கள். பசி என்பது உடம்பின் மூலையில் தனியாகத் தொங்கும் பல்பு அல்ல, அதை மட்டும் அணைத்துவிட்டுப் போவதற்கு. இதயம், தூக்கம், மனநிலை எல்லாவற்றுக்கும் அதோடு ஒயர் தொடர்பு இருக்கிறது.

இன்றும் அனுமதியோடு கிடைக்கும் ஒன்றைச் சொல்லாவிட்டால் நான் நேர்மையற்றவன் ஆவேன். ஆர்லிஸ்டாட். மூளைப் பக்கமே போகாது; குடலில் கொழுப்பைச் செரிக்கும் நொதியைத் தடுக்கும். சாப்பிட்ட கொழுப்பில் ஏறத்தாழ 30 சதவீதம் செரிக்காமல் வெளியேறும். எப்படி வெளியேறும் என்பதை இந்தச் சபையில் எப்படிச் சொல்வது? எண்ணெயாக, சொல்லாமல் கொள்ளாமல். 2007இல் அது சீட்டு இல்லாமல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது, தயாரித்த நிறுவனமே வாங்குபவர்களுக்கு ஓர் அறிவுரை சொன்னது: பலன் பிடிபடும்வரை அடர்நிறக் கால்சட்டை அணியுங்கள், வேலைக்குப் போகும்போது மாற்று உடையும் கொண்டுபோங்கள். சிரித்தது போதும், பலனைக் கேளுங்கள். ஓர் ஆண்டு பத்தியத்தோடு சாப்பிட்டால், பத்தியம் மட்டும் இருந்தவர்களைவிடச் சராசரியாகச் சுமார் 3 கிலோ கூடுதலாகக் குறையும். இதற்கு ஒரு வருடம், ஒரு மாற்றுக் கால்சட்டை.

இப்போது எதிரணித் தலைவரின் பிரம்மாஸ்திரம். ரத்த அழுத்தத்துக்குத் தினமும் மாத்திரை சாப்பிடுகிறோமே, எடைக்கு மட்டும் ஏன் கூடாது என்றார். பசியைக் குறைக்கும் செமாக்ளூடைடு என்ற புதிய மருந்தைக் காட்டினார். நான் மறுக்க மாட்டேன். ஓர் ஆய்வில், அதை வாரம் ஒருமுறை ஊசியாகப் போட்டுக்கொண்டவர்களுக்கு 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்தது. வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4. இது பெரிய விஷயம், மருத்துவத்தின் சாதனை. கடுமையான பருமனால் சர்க்கரையும் மூட்டு வலியும் சேர்ந்து வதைபடும் ஒருவருக்கு அவருடைய மருத்துவர் அதை எழுதிக் கொடுத்தால் குறுக்கே நிற்க நான் யார்?

ஆனால் ரத்த அழுத்த உவமையை அவரே எடுத்துக் கொடுத்ததால் அதை முழுவதுமாகப் பிடித்துக்கொள்கிறேன். ரத்த அழுத்த மாத்திரையை ‘30 நாளில் மாற்றம்’ என்று யாராவது விற்கிறார்களா? ‘முன்பு, பின்பு’ என்று இரண்டு படம் போடுகிறார்களா? இல்லை. அதை எழுதும் மருத்துவர் ரத்தத்தைப் பரிசோதிக்கிறார், அளவை மாற்றுகிறார், நிறுத்தினால் மறுபடி ஏறும் என்று முதல் நாளே சொல்கிறார். செமாக்ளூடைடும் அப்படித்தான். அதே ஆய்வில் மருந்தை நிறுத்திய ஓர் ஆண்டுக்குள், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. அப்படியென்றால் அது நீண்டகாலச் சிகிச்சை. நம் தலைப்பில் இருக்கும் ‘விற்கப்படும் மாத்திரை’ அது அல்ல. ஒரு மாதத்தில் உருவம் மாறும், பிறகு பழைய வாழ்க்கைக்குத் திரும்பலாம் என்ற வாக்குறுதியைத்தான் கடைகளில் டப்பாவில் அடைத்து விற்கிறார்கள். அந்த வாக்குறுதியை இதுவரை எந்த மருந்தும் காப்பாற்றவில்லை, எதிரணியினர் காட்டிய மிகச் சிறந்த மருந்து உட்பட. அவர்கள் சாட்சிக் கூண்டில் ஏற்றிய ஆளே எங்கள் பக்கம் சாட்சி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

தமிழ் இலக்கணத்திலும் மாத்திரை உண்டு, நடுவர் அவர்களே. கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம்தான் அதன் அளவு. பெயர் வைத்தவர் என்னுடைய அந்த இரண்டு கிலோவை முன்கூட்டியே பார்த்துவிட்டாரோ என்னவோ. மாத்திரையை நிறுத்திய இரண்டாவது மாதம் அவை போன வழியே திரும்பி வந்தன, வரும்போது துணைக்கு இன்னும் ஒன்றையும் கூட்டிக்கொண்டு.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். இந்த டப்பா இன்று காலி என்று நினைத்திருப்பீர்கள். இல்லை, ஆட்டினால் சத்தம் கேட்கிறது பாருங்கள். மாத்திரைகள் அல்ல. ஆறு வருடமாக என் சட்டைகளிலிருந்து தெறித்து விழுந்த பொத்தான்களை என் மனைவி இதில்தான் போட்டு வைத்திருக்கிறார்.