ரெசின் பிரிண்டர் திரையே மாஸ்க்: வீட்டில் எடுத்த சர்க்யூட் போர்டு

வணக்கம் நண்பர்களே. இந்த போர்டைக் கேமராவுக்குக் கிட்டே கொண்டுவருகிறேன், ஐசியின் இரண்டு கால்களுக்கு நடுவே ஓடுகிற கோட்டைப் பாருங்கள். அகலம் 0.2 மில்லிமீட்டர்தான், ஓரிடத்திலும் அறுபடவில்லை. இதற்கு டோனரை அயர்ன் பாக்ஸ் வைத்துத் தேய்க்கவும் இல்லை, டிரான்ஸ்பரன்சி ஷீட்டில் அச்செடுக்கவும் இல்லை. திரவ ரெசினை ஒளியால் இறுக்கிப் பொருள் செய்யும் 3டி பிரிண்டர்தான் ரெசின் பிரிண்டர், அதன் திரைமேல் செப்புத் தகட்டைக் கவிழ்த்து வைத்தே எடுத்தேன்.

அந்த பிரிண்டரில் அடியில் 405 நானோமீட்டர் எல்இடி, அதன்மேல் எல்சிடி திரை. கறுப்பு காட்டும் இடத்தில் ஒளி நின்றுவிடும், வெள்ளையில் மேலே வரும். செப்புத் தகட்டில் ஒட்டும் நீல டிரை ஃபிலிமும் இதே ஒளியில் இறுகும், அப்புறம் தனியாக மாஸ்க், அதாவது ஒளியை மறைக்கும் படத்தாள், எதற்கு? ஒளி பட்ட இடம்தான் தங்கும் என்பதால் கோடுகள் வெள்ளையாக இருக்க வேண்டும். ரெசின் தொட்டியை முதலில் கழற்றிவிடுங்கள். தகட்டை அறுத்த விளிம்பில் பிசிறு இருந்தால் அரம் போட்டு எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் திரையும் கீறும், தகடும் படியாமல் தூக்கிக்கொண்டு நிற்கும், அந்த இடைவெளியில் ஒளி பரவிக் கோடு தடித்துப் போகும்.

டிசைனில் ஒரு 'க' எழுத்து சேர்த்துக்கொள்ளுங்கள். திரையில் அது இடவலம் மாறித் தெரிந்தால்தான் செம்பில் நேராக விழும்.

என் திரையில் ஒரு பிக்சல் 0.05 மில்லிமீட்டர், ஆகவே 0.2 என்றால் சரியாக 4 பிக்சல். படத்தைக் கொஞ்சம் சுருக்கினாலும் இந்தக் கணக்கு உடைந்து ஓரம் பல்பல்லாக வரும், அதனால் அளவை மாற்றவே மாற்றாதீர்கள்.

எத்தனை விநாடி ஒளி காட்ட வேண்டும் என்று கேட்பீர்கள். என் எண் உங்களுக்கு உதவாது, ஒவ்வொரு பிரிண்டரின் ஒளி வலுவும் வேறு. ஒரு துண்டுத் தகட்டில் 5 விநாடி கூட்டிக்கூட்டிப் பட்டைகள் எடுங்கள். ஃபிலிமின் மேல் உறையை உரித்துவிட்டு, 1 லிட்டர் தண்ணீரில் 10 கிராம் சலவைச் சோடா கரைத்து அதில் அலசுங்கள். சமையல் சோடா வேறு, இது வேறு. கோடே கரைந்தால் நேரம் போதவில்லை. கோடுகளுக்கு நடுவே கழுவினாலும் போகாத நீலப் படலம் தங்கினால் நேரம் அதிகம்.

405 நானோமீட்டர் லேசரைப் பிளாட்டரில், அதாவது பேனாவை நகர்த்தி வரையும் இயந்திரத்தில், மாட்டிக் கோடு கோடாக வரைவதும் நல்ல வழிதான், திரையைவிடப் பெரிய போர்டுக்கு நான் அதைத்தான் எடுப்பேன். ஆனால் போர்டு திரைக்குள் அடங்கினால் இதற்கு ஈடு இல்லை, முழுப் படமும் ஒரே நேரத்தில் விழுந்துவிடுகிறது.

சரி, கையுறை போட்டுக்கொண்டு ஃபிலிம் மூடாத செம்பைக் கரைக்கும் ஃபெரிக் குளோரைடில் போர்டை இறக்குகிறேன், பாருங்கள்.