கழுத்தெலும்பில் தெரியும் வயது

நேயர்களுக்கு வணக்கம். பல் சீரமைப்பு மருத்துவரிடம் பிள்ளையை அழைத்து வரும் பெற்றோர் பெரும்பாலும் கேட்பது, "எந்த வயதில் கிளிப் போட வேண்டும்?" என்பதுதான். கோணிய பற்களை நேராக்க மட்டும் என்றால் விடை எளிது. கீழ்த்தாடை வளராமல் பின்தங்கி, மேல்வரிசைப் பற்கள் துருத்திக்கொண்டிருக்கும் பிள்ளைக்கோ, பிறந்த தேதியை வைத்து நான் விடை சொல்வதில்லை. (பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காகவே ஜூன் மாதத்தில் 'பிறந்தவர்கள்' என் தலைமுறையில் ஏராளம், அது வேறு கதை.) அத்தாடையை முன்னே கொண்டுவரும் கருவிகள் நன்றாக வேலை செய்வது உடல் மடமடவென்று வளரும் குறுகிய காலத்தில்தான். அந்தக் காலம் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வயதில் வருவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மா தம் இரட்டையரை அழைத்து வந்தார். ஒரு பெண், ஒரு பையன், இருவருக்கும் 12 வயது, இருவருக்கும் அதே தாடைக் குறை. "ரெண்டு பேருக்கும் ஒண்ணாவே போட்டுடுங்க டாக்டர், ஒரே அலைச்சலாப் போயிடும்" என்றார். நான் இருவருடைய தலையின் பக்கவாட்டு எக்ஸ்ரே படங்களையும் வெளிச்சத்தில் வைத்துக் காட்டினேன். தாடையை அளக்க எப்படியும் எடுக்கும் அந்தப் படத்திலேயே கழுத்து முள்ளெலும்புகளில் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது ஆகியவை தெரியும். அவற்றின் வடிவத்தைப் பார்த்தே பிள்ளை வளர்ச்சியின் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கணிக்கலாம். ஆகவே இதற்கென்று பிள்ளைமீது கூடுதலாகக் கதிர் பாய்ச்ச வேண்டியதில்லை. வளர்ச்சியைக் கணிக்க முன்பெல்லாம் கையையும் மணிக்கட்டையும் தனியாகப் படமெடுத்தோம்.

படம் இல்லாமலே நேயர்கள் மனத்தில் கண்டுகொள்ளலாம். சிறு வயதில் இவ்வெலும்புகளின் அடிப்பக்கம் தட்டையாக இருக்கும். மூன்றாவதும் நான்காவதும் முன்புறம் சரிந்து ஆப்பு போலத் தோன்றும். வளர வளர, முதலில் இரண்டாவதன் அடியிலும், பிறகு மூன்றாவதன் அடியிலும், அதன்பின் நான்காவதன் அடியிலும் மெல்லிய குழிவு விழும். ஆப்பு வடிவம் படுக்க வைத்த தீப்பெட்டியாகி, சதுரமாகி, கடைசியில் நிமிர்த்தி வைத்த தீப்பெட்டியாகும். மூன்றாவதில் குழிவு விழுந்து, நான்காவது இன்னும் தட்டையாக இருக்கும் கட்டம்தான் நாங்கள் காத்திருப்பது. கீழ்த்தாடையின் வேகமான வளர்ச்சி பொதுவாக அதையடுத்த ஓராண்டுக்குள் வரும்.

அந்தப் பெண்ணின் மூன்றாம் எலும்பில் குழிவு விழுந்திருந்தது. பையனுக்கோ மூன்றுமே பலகை போலத் தட்டையாக இருந்தன. "இவளுக்கு இந்த வாரமே, இவனுக்கு இப்போது வேண்டாம்" என்றேன். அம்மாவுக்கு மனத்தாங்கல்தான். பையனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லி, சுவரோரம் நிறுத்தி உயரம் மட்டும் குறித்துவந்தேன். 14 வயதில் அந்தக் கோடு திடீரென மேலேறிய பிறகே மறுபடி படமெடுத்தோம். மூன்றாவதன் அடியில் குழிவு இருந்தது. அன்றே கருவிக்கு அளவெடுத்தேன்.

இம்முறையை 1972-இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வேட்டில் லம்பார்ஸ்கி முன்வைத்தார். இன்று பலரும் பின்பற்றும் ஆறு படிநிலைகள் பாச்செட்டி, ஃபிராங்கி, மெக்நமாரா ஆகியோர் 2005-இல் திருத்தியமைத்தவை. இதன் குறைகளைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொன்னால், ஒரே படத்தை ஒரே மருத்துவர் இருமுறை பார்த்து இருவேறு படிநிலை சொல்வதுண்டு. அதனால்தான் உயரம், பெண் பூப்பெய்தியது, பையனின் குரல் உடைந்தது ஆகியவற்றையும் கேட்கிறோம். இன்னொன்று, தைராய்டைக் காக்கப் போடும் ஈயக் கழுத்துப் பட்டை சில படங்களில் மூன்றாம், நான்காம் எலும்புகளை மறைத்துவிடும். படத்துக்கு எழுதித்தரும் சீட்டிலேயே, கழுத்து தெரிய வேண்டுமா என்பதை மருத்துவர் குறித்துவிடுவது நல்லது. வணக்கம்.