மாமியின் மாத்திரை என்வலப்

வணக்கம், வெள்ளவத்தையிலிருந்து பேசுகிறேன். பின்னால் கரையோர ரயில் போகும், சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமிக்கு நடந்ததைப் போன வீடியோவில் சொன்னதும் பாதிப் பேர் கேட்டது ஒன்றுதான்: "கேஸ் போடலாமா?" அதைப் பார்க்காதவர்களுக்கு: யூரிக் அசிட் கூடிவிட்டது என்று ஒரு டொக்டர் அலோபியூரினோல் எழுதிக் கொடுத்தார். மூன்றாவது கிழமை உடம்பெல்லாம் தடிப்பு, வாய்க்குள் புண், பிறகு தோல் உரியத் தொடங்கியது. ஸ்டீவன்ஸ் ஜோன்சன் என்றார்கள், மருந்து ஒத்துக்கொள்ளாமல் தோலே உரியும் கடுமையான நோய். அந்த மருந்துக்கு அது அரிதாக வருவது, ஆனால் டொக்டர்மாருக்கு நன்றாகத் தெரிந்தது. தடிப்பு வந்தால் உடனே நிறுத்துங்கள் என்று மாமிக்கு யாரும் சொல்லவில்லை. வெயில் கொப்புளம் என்று நினைத்து இன்னும் நாலு நாள் விழுங்கியிருக்கிறார்.

சரி, கேஸ். பக்க விளைவு வந்துவிட்டது என்பதற்காக மட்டும் இங்கே நட்டஈடு கிடையாது. இது ரோமன் டச்சுச் சட்டத்தில், அதாவது ஒல்லாந்தர் காலத்திலிருந்து இங்கே இருக்கும் சட்டத்தில், வரும் சிவில் வழக்கு. ஒருவர் கவனக்குறைவாக நடந்தார், அதனால்தான் இந்தப் பாதிப்பு என்ற இரண்டையும் நாங்கள்தான் நிரூபிக்க வேண்டும். யார் அந்த ஒருவர் என்பதிலேயே பாதி வழக்கு போய்விடும். பெட்டிக்குள் வைத்த தாளில் எல்லாம் போட்டிருக்கிறோமே என்று கம்பனி சொல்லும். பாமசி மருந்தை மாற்றிக் கொடுத்திருந்தால், அல்லது மருந்தே தரம் கெட்டிருந்தால், அது வேறு கதை. மாமியின் விஷயத்தில் கேள்வி எச்சரிக்காமல் எழுதியவரிடம்தான்.

இரண்டாவதில், அதாவது அதனால்தான் பாதிப்பு என்று நிரூபிப்பதில்தான், வழக்குகள் விழுகின்றன. குழந்தை மருத்துவர் பிரியானி சொய்சா மீது போட்ட வழக்கு ஞாபகமா? அது மருந்து வழக்கல்ல, ஒரு குழந்தையின் நோயைப் பிழையாகக் கணித்த வழக்கு. மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபாய் கொடுத்தது. 2001இல் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான உயர் நீதிமன்றம், கவனக்குறைவு இருந்தது, ஆனால் அதனால்தான் குழந்தை இறந்தது என்று நிரூபிக்கவில்லை என்று தள்ளிவிட்டது.

நிரூபிக்க ஆதாரம் வேண்டும். அதனால் கேட்கிறேன், உங்கள் வீட்டில் மாத்திரை எதில் வருகிறது? சின்னக் கடதாசி என்வலப்பில், காலை ஒன்று இரவு ஒன்று என்று பேனையால் எழுதி. பாட்ச் இலக்கம் இல்லை, கம்பனிப் பெயர் இல்லை. பெயரும் இலக்கமும் அச்சடித்த மாத்திரைப் பட்டையோடு தாருங்கள் என்று கேளுங்கள். பில், டொக்டரின் துண்டு, ஆஸ்பத்திரியில் தரும் டயக்னோசிஸ் கார்ட் எல்லாவற்றையும் போனில் படம் பிடியுங்கள். மிச்ச மாத்திரையை எறியாதீர்கள். தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபைக்கும் எழுதுங்கள். அது பணம் வாங்கித் தராது, ஆனால் திகதியோடு ஒரு பதிவு இருக்கும். இலங்கை மருத்துவ சபையும் அப்படித்தான், டொக்டரின் பதிவில் கைவைக்கலாம், நட்டஈடு கொடுக்காது.

அமெரிக்காவில் வயொக்ஸ் என்ற வலி மருந்தின் பக்க விளைவு வழக்குகளை முடிக்க அதைச் செய்த மெர்க் கம்பனி 2007இல் 485 கோடி டொலருக்கு ஒத்துக்கொண்டது. அந்த மாதிரி வழக்குக்கு ஆள் சேர்க்கும் விளம்பரங்கள் யூடியூபில் வரும். அதைப் பார்த்து இங்கே கணக்குப் போடாதீர்கள்.

நேரம்தான் எனக்குப் பயம். இந்த மாதிரி வழக்குக்கு இரண்டு வருடம், அவ்வளவுதான். அரச ஆஸ்பத்திரி என்றால் சட்டமா அதிபருக்கு ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்த பிறகே வழக்கு. அடிப்படை உரிமை மனுவாகப் போவதென்றால் சம்பவம் நடந்து ஒரே மாதம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவருக்கு ஒரு மாதம்!

மாமியின் பழைய கைப்பையில் போன ஞாயிறு அந்த என்வலப் கிடைத்தது, உள்ளே மூன்று மாத்திரை. இரண்டு வருடம் முடிய ஐந்து மாதம் இருக்கிறது. நாளை புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகிறோம், வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்டத்தரணி செலவில்லாமல் கிடைப்பார். கமெராவை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போகிறேன். என்ன சொன்னார்கள் என்று வந்து சொல்கிறேன்.