ஐரோப்பாவை இணைத்தது அரசியல் துணிவே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'போருக்குப் பிந்திய ஐரோப்பாவை ஒன்றிணைத்தது பொருளாதாரத் தேவையா, அரசியல் துணிவா?' என்ற தலைப்பில், அரசியல் துணிவே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், மார்ஷல் திட்டத்தின் வழியே வந்த அமெரிக்கப் பணந்தான் ஐரோப்பியரை ஒன்றாக உட்கார வைத்தது என்றார். 1948 முதல் ஏறத்தாழ 1,300 கோடி டாலர் வந்ததும், அது பசியைத் தணித்து ஆலைகளை ஓட வைத்ததும் உண்மை. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அதில் மிகப் பெரிய பங்கைப் பெற்ற நாடு பிரிட்டன். பணந்தான் இணைத்தது என்றால், பிரிட்டன் அல்லவா முதலில் வந்து நின்றிருக்க வேண்டும்? 1951 ஏப்ரல் 18 அன்று பாரிஸில் நிலக்கரி, எஃகு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட ஆறு நாடுகளில் பிரிட்டன் இல்லை.

அந்த ஒப்பந்தத்துக்கு வித்திட்ட நாளை எண்ணிப் பாருங்கள். 1950 மே 9. ஜெர்மனி சரணடைந்து ஐந்து ஆண்டும் ஒரு நாளும் ஆகியிருந்தது. பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமானின் கடிதத்தோடு ஒருவர் மேற்கு ஜெர்மனியின் அன்றைய தலைநகரான பான் நகருக்குப் போயிருக்கிறார். பாரிஸில் அமைச்சரவை கூடியிருக்கிறது. ஜெர்மன் தலைவர் அடெனாவர் இசைந்துவிட்டார் என்ற செய்தி வந்த பிறகே, பிரான்சின் திட்டக் குழுத் தலைவர் ழான் மொனே வகுத்த திட்டத்தை ஷூமான் சக அமைச்சர்களின் முன் வைக்கிறார். அன்று மாலையே உலகுக்கும் அறிவிக்கிறார். இரு நாடுகளின் நிலக்கரியும் எஃகும் ஒரே பொது அதிகாரத்தின் கீழ் வந்துவிட்டால், ஒருவர் அறியாமல் மற்றவர் பீரங்கி வார்க்க முடியாது என்பதே அதன் உட்பொருள். ஷூமான் லக்சம்பர்க்கில் பிறந்து, ஜெர்மன் குடிமகனாக வளர்ந்து, முதல் உலகப் போருக்குப் பின் எல்லைப் பகுதியான லொரேன் பிரான்சிடம் திரும்பியபோது பிரெஞ்சுக்காரரானவர். எல்லைக்கோடு ஒரு மனிதனின் வாழ்வை எப்படிப் புரட்டிப் போடும் என்பதை அவருக்கு எந்தக் கணக்கேடும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

1954 ஆகஸ்டில் பொதுப் படைக்கான ஒப்பந்தத்தைப் பிரெஞ்சு நாடாளுமன்றமே வீழ்த்தியதே, அப்போது உங்கள் அரசியல் துணிவு எங்கே போயிற்று என்று எதிரணியினர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அந்தத் தோல்வி வலித்தது. ஆனாலும் பத்தே மாதத்தில் ஆறு நாட்டுப் பிரதிநிதிகளும் இத்தாலியின் மெசினாவில் கூடி, பொதுச் சந்தைக்கான வேலையைத் தொடங்கிவிட்டார்கள். அந்தச் சந்தையை ஜெர்மனியின் பொருளாதார அமைச்சர் லுட்விக் எர்ஹார்ட் விரும்பவில்லை. ஆறு நாடுகள் மட்டும் சுங்கச் சுவர் எழுப்பிக்கொள்வதைவிட விரிந்த தடையற்ற வணிகமே ஜெர்மனிக்கு நல்லது என்பது அவர் கருத்து. பொருளாதாரம் அறிந்தவரின் கணிப்பு அது. 1956 ஜனவரியில் அடெனாவர், ஐரோப்பிய இணைப்பே அரசின் கொள்கை என்று அமைச்சர்களுக்கு எழுத்து மூலம் கட்டளையிட்டார்.

1957 மார்ச் 25 அன்று ரோமில் அந்தப் பொதுச் சந்தைக்கான ஒப்பந்தத்தில் ஜெர்மனியின் சார்பில் கையெழுத்திட்டவர்களில் அடெனாவரும் ஒருவர். எர்ஹார்டின் கணக்கே முடிவாக இருந்திருந்தால் அந்தக் கையெழுத்து அங்கே விழுந்திருக்காது, நடுவர் அவர்களே. நன்றி.